முதலாளிக்கு என்ன கிரேடு?

மேசை மேல் ஒரு முழ நீளத்துக்குக் கேபிள் துண்டு கிடக்கிறது. நாமக்கல்லிலிருந்து பையில் போட்டுக்கொண்டு வந்தது. காலையில் பேனாக்கத்தியால் அதன் மேலுறையைக் கீறிப் பிரித்தேன். உள்ளே தூவியிருந்த வெள்ளைப் பொடி விரலில் ஒட்டியது. புது மழைக்கோட்டையும் முகப்பவுடரையும் ஒன்றாக வைத்தது போன்ற அந்த வாசனை எழுந்ததும் கை நின்றுவிட்டது. வாசற்படியில் நீங்கள் செருப்பை உதறுகிற சத்தம் கேட்கும் என்று ஒரு கணம் காத்திருந்தேன். கேட்கவில்லை. புரட்டாசியிலிருந்தே கேட்பதில்லை.

எந்தக் கேபிளையும் நீங்கள் முதலில் மோந்துதான் பார்ப்பீர்கள். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உறையில் பொறித்த எழுத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படிப்பீர்கள். நான் எழுத்தைப் படிப்பேன், விதிப்புத்தகத்தைப் படிப்பேன், மறுபடியும் எழுத்தைப் படிப்பேன். "சாமி, அது அதுக்குள்ள மாறிப்போயிராதுங்க, வாங்க" என்பீர்கள். உங்களுக்கு எல்லோரும் சாமிதான். மில் முதலாளி, டீ ஆற்றுகிறவர், அவர் கடை வாசலில் விளையாடும் குழந்தை, நான். எனக்கு அந்த வார்த்தை கடைசிவரை வாயில் வரவில்லை. என்னுடையது ஆத்தூர்ப் பக்கத்து நாக்கு. இத்தனை வருடமும் உங்களை "சார்" என்றே கூப்பிட்டேன்.

அலுவலகத்தை இன்னும் மூடவில்லை. பலகையில் நம் இருவர் பெயரும் அப்படியே இருக்கின்றன. கீழே மோட்டார் காயில் கட்டுகிற கடையிலிருந்து வார்னிஷ் வாசனை மாடிப்படி வழியாக ஏறி வருகிறது. நானும் அதே படியில்தான் ஏறுகிறேன், முழங்காலில் கையை ஊன்றி, நடுவில் ஒருமுறை நின்று. மதியம்வரை உட்கார்ந்திருப்பேன். பெரும்பாலும் யாரும் வருவதில்லை. வந்தால் நல்லது என்று நினைக்கிறேனா, வராமல் இருந்தால் நல்லது என்று நினைக்கிறேனா, அதுவும் சரியாகத் தெரியவில்லை.

ஆலைகளுக்கு மின் வரைபடம் போட்டுக் கொடுக்கும் நம் தொழில் எப்படி நடந்தது என்பதை இப்போது யோசித்தால் எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. கணக்குப் போடுவதும் வரைவதும் நான். அதை முதலாளிகளிடம் சொல்வது நீங்கள். நீங்களும் என்னைப் போலப் படித்தவர்தான், உங்களுக்கும் கணக்கு வரும். ஆனால் எனக்கு "முடியாது" என்ற சொல் வராது என்று நீங்கள் முதல் வருடமே கண்டுகொண்டீர்கள். அதன்பின் அந்தச் சொல்லை உங்கள் பங்காக எடுத்துக்கொண்டீர்கள். நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் வரைபடத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "என்ற கூட்டாளி கணக்குப் போட்டா அது கணக்குங்க. ஊட்டுக்குப் போயிப் படுத்து எந்திரிச்சு வந்து கேட்டாலும் அதேதான் சொல்லுவாரு" என்று நீங்கள் முழங்கும்போது, கணக்கில் எங்காவது தப்பு விட்டிருப்பேனோ என்று சுருட்டிய வரைபடத்தை மறுபடி விரிக்கப் போவேன்.

ஓமலூர்ப் பக்கத்துச் சேகோ பேக்டரி உங்களுக்கு மறந்திருக்காது. ஜவ்வரிசி வாசனையை விடக் கிழங்குப் பால் புளித்த வாசனைதான் அங்கே அதிகம். புதிதாக ஒரு மோட்டார் வைக்க வேண்டும், வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். பேனல் அறைச் சுவரில் வரிசையாக மூன்று பல்புகள், ஒவ்வொரு லைனுக்கும் ஒன்று. அந்த ஆலையில் மின்சாரத்தின் நடுமுனையை, நியூட்ரலை, மண்ணோடு கட்டாமல் விட்டிருந்தார்கள். ஒரு லைன் எங்காவது தோல் உரிந்து மண்ணைத் தொட்டாலும் ஆலை நிற்காமல் ஓடும், அதற்காக. எல்லாம் சரியாக இருந்தால் மூன்று பல்பும் ஒரே மாதிரி மங்கலாக எரிய வேண்டும். அன்றைக்கு ஒன்று அணைந்திருந்தது. மற்ற இரண்டும் கண் கூசும்படி எரிந்தன.

பேனல் பார்த்துக்கொண்டிருந்த குப்பண்ணன் நம்மை மலர்ந்த முகத்தோடு வரவேற்றார்.

"அந்தப் பல்பு பீஸ் போச்சுங்க. புதுசு மாட்டுனோம், அதுவும் எரியலீங்க. கடைக்காரன் நல்லா ஏமாத்திப்போட்டான். ஆனா மத்த ரெண்டையும் பாருங்க, என்ன வெளிச்சம்! இந்த வாரம் கரண்டு ஜம்முனு வருதுங்க."

நீங்கள் சிரித்தீர்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் தோளில் கை போட்டீர்கள்.

"அது வெளிச்சமில்லீங்க குப்பண்ணா. மூணு பேருல ஒருத்தன் மண்ணைத் தொட்டுப் படுத்துட்டான். அவன் பாரத்தையும் சேத்து மத்த ரெண்டு பேரும் தூக்கிட்டு நிக்கறாங்க. மூச்சு வாங்குது. அதைப் பாத்துட்டு ஜம்முனு இருக்குதுங்கறீங்களே."

உங்களுக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்லப்போவதில்லை. ஆனாலும் ஒழுங்காக ஒருமுறை எழுதிப் பார்த்தால்தான் எனக்குத் தெளியும், அது உங்களுக்கும் தெரியும். கேபிளில் இரண்டு எண்கள் இருக்கும். சின்ன எண், கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே அந்த உறை எவ்வளவு வோல்ட் தாங்கும் என்பது. பெரிய எண், கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு தாங்கும் என்பது. வாங்குகிறவர்கள் பெரிய எண்ணை மட்டும் படிப்பார்கள். அந்தப் பேக்டரியில் ஓடியிருந்தது பழைய நானூற்று நாற்பது கிரேடு. மண்ணைப் பொறுத்தவரை அதன் தாங்கும் எண் வெறும் இருநூற்றைம்பது. எல்லாம் நன்றாக இருக்கும் நாளில் அது போதும். ஒரு லைன் மண்ணைத் தொட்ட அந்த நொடியிலிருந்து மற்ற இரண்டு லைன்களின் உறைமேல் முழு நானூற்றுச் சொச்சமும் ஏறி உட்கார்ந்துவிடும். உடனே வெடிக்காது. அதுதான் கஷ்டம். உடனே வெடித்தால் யாராவது நிறுத்துவார்கள்.

நிறுத்துங்கள் என்று முதலாளியிடம் சொன்னீர்கள். "பாலு தொட்டியில நிக்குதுங்க. நிறுத்துனா புளிச்சுப்போயிரும். ஞாயித்துக்கெழமை பாத்துக்கலாமுங்க" என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் இன்னொரு லைனில் உறை விட்டுக்கொடுத்தது. பேனல் கதவு நெருப்போடு திறந்து, குப்பண்ணனின் புருவமும் இடது கைத் தோலும் போயின. கிழங்கு இறக்க வந்த வேனில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்டு நாம் ஓடினோம். கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்தவர் உங்களைப் பார்த்ததும் கேட்டது இதைத்தான்: "ஏனுங்க, அப்ப அந்தப் பல்பு நல்ல பல்புதானுங்களா? கடைக்காரனைப் போயி வஞ்சுபோட்டனே."

திரும்பும்போது ஓமலூரில் டீக்கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினீர்கள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றீர்கள். பிறகு சொன்னீர்கள்: "சாமி, கேபிளுக்கு என்ன கிரேடுன்னு பாக்கறதுக்கு முன்னால, மொதலாளிக்கு என்ன கிரேடுன்னு பாத்துப்போடோணுமுங்க."

நான் அதை முதலில் கோபத்தில் சொன்ன வசையாகத்தான் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் விதிப்புத்தகத்தைப் புரட்டியபோதுதான் அது சரியான பொறியியல் என்று தெரிந்தது. புத்தகமும் வேறு சொற்களில் அதையேதான் கேட்கிறது: ஒரு லைன் மண்ணைத் தொட்டபின் எவ்வளவு நேரம் ஓட்டுவாய்? உடனே நிறுத்துகிறவனுக்கு ஒரு கேபிள். சில மணி நேரம் சமாளித்துவிட்டு நிறுத்துகிறவனுக்கும் அதுவே. நாள்கணக்கில் ஓட்டுகிறவனுக்கு அடுத்த தடிப்பு உறை. வோல்ட்டை மீட்டர் சொல்லிவிடும். ஓட்டுகிறவனின் குணத்தை எந்த மீட்டரும் சொல்லாது.

அதன்பிறகு எந்த ஆலைக்குப் போனாலும் அந்தக் கேள்வியைக் கேட்பது நம் வழக்கமாகிவிட்டது. "ஏனுங்க மொதலாளி, ஒரு லைனு மண்ணுல பட்டுப்போச்சுன்னா நிறுத்துவீங்களா, ஓட்டுவீங்களா?" எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "நிறுத்திப்போடுவோமுங்க. உசுரை விடவா?" நீங்கள் தலையாட்டிவிட்டு நேராகப் பேனல் அறைக்குப் போய், பல்புகளை யாராவது கவனிக்கிறார்களா என்று அவற்றின் மேல் படிந்த தூசியைப் பார்ப்பீர்கள். "வாயி சொல்றதை எழுதிக்கங்க சாமி. கேபிளை மட்டும் பல்பைப் பாத்து எடுங்க." ஒருமுறை பந்தயமும் கட்டினீர்கள். "ஒரே ஒரு மொதலாளி, ஆமாங்க, ஓட்டத்தான் ஓட்டுவேன்னு வாயைத் தொறந்து சொல்லட்டும். மேச்சேரிக் கெடா வாங்கி உங்களுக்கு விருந்து வெக்கறேன்." நான் முட்டைகூடத் தொடாதவன் என்று தெரிந்தே அந்தப் பந்தயம். அதனால்தான் தைரியமாகக் கட்டுகிறீர்கள் என்றேன். டீக்கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் உங்களுக்கு அந்த யோசனைதான். நெஞ்சில் ஒயர்கள் ஒட்டியிருந்தன. பக்கத்தில் அந்தப் பெட்டி பச்சைக்கோடு போட்டுக்கொண்டிருந்தது. கண்ணைக் காட்டி என்னைக் குனியச் சொன்னீர்கள். "இதுக்கு எர்த்து சரியா இருக்குதான்னு பாருங்க சாமி" என்றீர்கள். நர்ஸ் சிரித்தார். நான் உண்மையிலேயே குனிந்து பிளக்கைப் பார்த்தேன்.

போன வாரம் நாமக்கல்லிலிருந்து போன் வந்தது. நாம் முன்பு வேலை செய்த கோழித்தீவன ஆலை. பெரியவர் இப்போது வீட்டோடு இருக்கிறார், மகன்தான் எல்லாம் பார்க்கிறார். "அவரு இல்லைன்னாலும் நீங்க வந்து பாத்துக் குடுத்துருங்க சார்" என்றார். எனக்குப் போக மனமில்லை. மாட்டேன் என்று சொல்லவும் தெரியவில்லை. அதனால் போனேன். ராசிபுரம் வழி பஸ். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளின் வெல்டிங் வெளிச்சம் ஜன்னலில் பட்டுப் பட்டு வந்தது. பக்கத்து இருக்கையில் துண்டு போட்டு யாருக்கோ இடம் பிடித்து வைத்திருந்தார்கள். உங்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன். முதுமையில் இப்படி அசட்டு எண்ணங்கள் வருகின்றன.

ஆலை முற்றத்தில் கேபிள் உருளைகள் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தன. தீவனத்தைக் குருணையாக்கும் வெளிநாட்டு இயந்திரம் ஒன்று போன வருடமே ஓடத் தொடங்கிவிட்டது. அதே போல இரண்டாவது வரப்போகிறது. அறுநூற்றுத் தொண்ணூறு வோல்ட்டில் ஓடுவது, அதற்கென்று தனி டிரான்ஸ்பார்மர். நடுமுனையை மண்ணோடு கட்டவில்லை. அதே பழைய காரணம்தான். நடுவில் நின்றால் சூடான மாவு அச்சுத் துளைகளில் இறுகிக் கல்லாகிவிடும். அதைக் குடைந்து எடுக்கும்வரை பண்ணைகளுக்குத் தீவனம் போகாது.

"ஆயிரத்து நூறு கிரேடு சார்" என்றார் மகன்; நான் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். "நீங்க சரின்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா நாளைக்கே இழுத்துருவோம்."

உறையில் பொறித்ததைப் படித்தேன். அறுநூற்றைம்பது, ஆயிரத்து நூறு. மறுபடியும் படித்தேன். பிறகு உங்கள் கேள்வியைக் கேட்டேன்.

"நிறுத்திருவோம் சார். அதுக்குத்தான் அலாரமே வெச்சிருக்கோம்."

இந்த இடத்தில்தான் நீங்கள் தொண்டையைக் கனைப்பீர்கள். நான் உறையில் இருந்த சின்ன எண்ணை விரலால் தொட்டுக் காட்டினேன். பிறகு, ஒரு லைன் மண்ணைத் தொட்டால் மற்ற இரண்டுக்கும் அறுநூற்றுத் தொண்ணூறு ஏறும், இந்த உறையின் எண் அறுநூற்றைம்பதுதான் என்று மெதுவாகச் சொன்னேன்.

"நாப்பது வோல்ட்டுக்குங்களா சார்?" அவர் கேலியாகச் சிரிக்கவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "ஊரெல்லாம் இதே கேபிளுதான் ஓடுதுங்க. நீங்க ரெண்டு பேரும் எப்பவும் ஜாஸ்தியாத்தான் சொல்லுவீங்கன்னு அப்பாகூடச் சொல்லுவாரு."

அந்த நாற்பது வோல்ட்டில் கேபிள் அன்றே சாகாது என்று எனக்கும் தெரியும். வருடக்கணக்கில் ஓடினாலும் ஓடலாம். அடுத்த கிரேடு மூவாயிரத்து முந்நூறு. பிடிவாதமாக விறைத்து நிற்கும், மோட்டார் பெட்டிக்குள் வளையாது, கடையில் சுலபமாகக் கிடைக்காது. நான் சொல்வது கணக்கா, பயமா? பயந்தவன் போடும் கணக்கு எப்போதும் பெரிய எண்ணில்தான் போய் நிற்கும். இதை நான் உங்களிடம்தான் கேட்பேன். "கணக்குதான் சாமி" என்று நீங்கள் சொன்னபின்தான் நம்புவேன். இப்போது யாரைக் கேட்பது? வேறு வழி தெரியாமல், நீங்கள் செய்வதையே செய்தேன். பேனல் அறை எங்கே என்று கேட்டேன்.

சூடான சோள மாவு வாசனை, நீராவி, காது அடைக்கும் இரைச்சல். இந்தக் காலத்தில் பல்புகள் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் முதல் இயந்திரத்தின் பேனலில், எந்த லைனாவது மண்ணைத் தொடுகிறதா என்று பார்க்கும் ஒரு சின்ன மீட்டர், அதன் கீழே அலாரம். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. குனிந்து பார்த்தேன். அலாரத்தின் வாயில் பனியன் வேஸ்ட்டை உருட்டி, எண்ணெய் துடைக்கிற அந்தத் துணிக்கழிவை, கச்சிதமாகத் திணித்து வைத்திருந்தார்கள்.

"அதுங்களா சார்," என்றார் பேனலில் இருந்தவர், நடுவயதுக்காரர். "ஓயாமக் கத்துதுங்க. தலைவலி தாங்கலீங்க. மெசினு நல்லாத்தானுங்க ஓடுது."

"எப்பலேருந்து?"

"ஆடிப் பெருக்குக்கு முன்னாலீங்க."

அப்போது நீங்கள் உயிரோடு இருந்தீர்கள் என்று தோன்றியது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவருடைய புருவத்தைப் பார்த்தேன். அடர்த்தியாக, ஒழுங்காக இருந்தது.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் விளங்கவில்லை. கையை நீட்டி அந்த வேஸ்ட்டைப் பிடுங்கிவிட்டேன். அலாரம் வீறிட்டது. ஆலை இரைச்சலை மீறி முற்றம்வரை போயிருக்க வேண்டும், தம்பி ஓடிவந்தார். "என்னாச்சு சார்? என்ன பண்ணுனீங்க?" மெதுவாகப் பேசினால் எனக்கே கேட்காத சத்தம். கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. என் வயதில், முதல்முறையாக.

"நான் ஒண்ணும் பண்ணல தம்பி! இது ஆடியிலேருந்து கத்திக்கிட்டுதான் இருக்குது. நீங்க வாயை அடைச்சு வெச்சிருக்கீங்க!"

அவர் பேனல்காரரை முறைத்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"அவரைத் திட்டாதீங்க. நிறுத்தச் சொல்லி அவருக்கு யார் சொன்னா? நல்லாக் கேளுங்க. இது கத்துனதும் தானா நிக்கற மாதிரி மாத்துங்க, வெளிய இறங்கியிருக்கற கேபிளே போதும், எழுதித் தரேன். இல்ல, ஓட்டத்தான் ஓட்டுவோம்னா அதுக்குத் தக்க தடிச்ச கேபிள் வாங்குங்க, அதையும் எழுதித் தரேன். இதே கேபிளும் வேணும், நிக்கவும் கூடாதுன்னா என்னால முடியாது."

முடியாது. சொல்லிவிட்டேன். குரல் நடுங்கியதா என்று தெரியவில்லை, அலாரம் அதை மறைத்துவிட்டது. தம்பி முகம் சுண்டிப்போயிற்று. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார். டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை. மாதிரிக்கு வெட்டி வைத்திருந்த கேபிள் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு சேலம் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன், அந்தப் பனியன் வேஸ்ட்டை என் சட்டைப்பையிலேயே கொண்டுவந்துவிட்டேன். அடுத்தடுத்த நாட்கள் வேறு வேலை ஓடவில்லை. அவரை அவமானப்படுத்திவிட்டேனோ என்று தோன்ற, கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதே விடைதான் வந்தது.

நேற்று போன் வந்தது.

"சார், கண்டுபிடிச்சுட்டோமுங்க. நீராவி எறங்கற எடத்துல மோட்டாருப் பொட்டிக்குள்ள ஈரம். ஒரு லைனு பொட்டியோட ஒட்டியே நின்னுருக்குதுங்க. இப்ப சரி பண்ணியாச்சு." பிறகு சொன்னார்: "வந்த கேபிளைத் திருப்பி அனுப்பிட்டோமுங்க. தடிச்சதே எழுதுங்க சார். நிறுத்திருவோம்னு அன்னைக்குச் சும்மா சொன்னனுங்க. எங்களால நிறுத்த முடியாதுங்க. ஓட்டத்தான் ஓட்டுவோம்."

இத்தனை வருடத்தில் ஒரு முதலாளி அதை வாய்திறந்து சொல்லிவிட்டார். நீங்கள் பந்தயத்தில் தோற்றுவிட்டீர்கள். கெடா விருந்தை யாரிடம் போய்க் கேட்பேன்?

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி. பழைய லைனுக்கும் அதே கேபிள்தான். அதையும் மாத்தணும்."

அவர் சிரித்துவிட்டார். "சரிங்க சார், மாத்திருவோம். முன்னெல்லாம் நீங்க அவரு முதுகுக்குப் பின்னால நின்னுக்கிட்டு வாயையே தொறக்க மாட்டீங்க. இப்ப நல்லாப் பேசறீங்க சார். பளிச்சுனு சொல்றீங்க."

"ஆமா தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

இன்று அறிக்கை எழுத உட்கார்ந்தேன். அதற்காகத்தான் இந்தத் துண்டைப் பிரித்துப் பார்த்தது. முதல் வரியாக உங்கள் கேள்வியை எழுதினேன். அதன் கீழே, இவ்வளவு காலமாக எந்த அறிக்கையிலும் எழுத முடியாத அந்தப் பதிலையும் எழுதினேன். இனி எந்த ஆலைக்குக் கூப்பிட்டாலும் அந்தக் கேள்வியை நான்தான் கேட்க வேண்டும். கேட்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் நேற்றிலிருந்து குப்பண்ணன் நினைவாகவே இருக்கிறது. அணைந்த பல்பைத் தள்ளிவிட்டு, மற்றவை எரிகிற அழகை நமக்குக் காட்டினாரே, அந்த முகம். நான் பளிச்சென்று பேசுவதாகச் சொன்னபோது அந்தத் தம்பியின் குரலிலும் அதே சந்தோஷம்தான் இருந்தது. அவரிடம் நான் ஒன்றும் விளக்கவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

மூச்சு வாங்குகிறது, சாமி.